நெட்டையின் முத்திரை

நெட்டை என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். இருவருக்கும் ஒரே ஏரி, ஒரே மாதிரிப் படகு. ஆனால் மீன் வாங்கும் கம்பெனியின் லாரி அவன் வாசலில்தான் நிற்கிறது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். மறைத்து என்ன ஆகப்போகிறது?

அந்த லாரி ஏற்றிப்போவது, எவனோ கண்ணாடித் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போய் ஏரியில் கொட்டிய மீன். தகரம் மாதிரித் தோல், மேலே முள். பெருகிப்போய் நம் மீன்களின் முட்டையைத் தின்றது, வலையைக் கிழித்தது. நாங்கள் பெரியதையெல்லாம் திட்டிக்கொண்டே கரையில் வீசினோம். நெட்டை தகரம் வெட்டும் கத்தரியால் அதைப் பிளந்து பார்த்தான். உள்ளே வெள்ளை வெளேரென்று சதை. நாலு வருஷம் அதையே பிடித்தான். முள் குத்தி இரண்டு நகம் போனது. கம்பெனி வாங்க ஆரம்பித்தது. அடுத்து, இவன் மீன்பிடிப்பால் ஏரிக்கு நன்மைதான் என்று சான்று சொல்லும் ஒரு முத்திரைக்கு எழுதிப்போட்டான். கிடைத்தால் சரக்கு வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறும்.

"அவரும் இதே தண்ணியிலதான் வலை போடுறாரு," என்றாள் என் மனைவி. "உங்களுக்கு வலை தைக்கவே நேரம் சரியா இருக்கு."

சோதனைக்கு ஓர் அதிகாரி அம்மா வந்தார். நெட்டையின் கொட்டகையில் ஈகூட இல்லை. ஒரு குறையாவது கிடைக்காதா என்று எனக்கு அரித்தது. பிறகு அவர் கரையில் என்னிடமே வந்தார்.

"இந்த மீனை அவரு உயிரோட திரும்ப விடுறாரா?"

"குஞ்சைக்கூட விடமாட்டான், பாவி!" என்றேன். போட்டுக்கொடுத்த திருப்தி. "நான் அப்படி இல்லம்மா. எந்த மீனா இருந்தாலும் குஞ்சைத் தண்ணியிலயே விட்டுடுவேன். எங்கப்பா காலத்துலேருந்து அதான்."

எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "இந்த மீனையுமா?"

"எல்லாத்தையும்தான்."

மறுவாரம் கடிதம் வந்தது. நெட்டையிடம் குறை ஒன்றும் இல்லை. ஆனால் முழு ஏரியையும் பார்த்துத்தான் முத்திரை தருவார்களாம். அழிக்க வேண்டிய மீனின் குஞ்சைப் பக்கத்துப் படகு திரும்ப விடுகிறது. அது நின்று ஆறு மாதம் ஆனால்தான் முத்திரை.

சண்டைக்கு வருவான் என்று துண்டை உதறிக்கொண்டு நின்றேன். வந்தவன் என் படகில் ஒரு டப்பாவை வைத்தான்.

"அண்ணே, குஞ்சையெல்லாம் இதுல போடுங்க. என் பொழப்பு இப்ப உங்க கையில."

"போடலேன்னா?"

"ரெண்டு பேரும் சேந்து உக்காந்து வலை தைப்போம்."

ஆறு மாதமும் போட்டேன். முத்திரை வந்தது, அட்டையில் அவன் பெயர் மட்டும்தான். எல்லாரும் கை கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன், கொஞ்சம் அழுத்தி.