அண்ணாச்சி சொன்ன கடைசிக் காட்சி

காலை ஏழு மணிக்கு வருகிறவர் எட்டரை ஆகியும் வரவில்லை. அவருக்கென்று எடுத்து வைத்திருந்த மாவுப் பாக்கெட் புளித்துப் பொங்கி, முடிச்சு தெறிக்கிற அளவுக்கு உப்பிவிட்டது. போன் போட்டு நாலு ஏச்சு ஏசலாம் என்று எடுக்கிறேன், அவர் மனைவி கோமதி மதினியிடமிருந்தே அழைப்பு வருகிறது. "ஏட்டி சரசு, அண்ணாச்சி போயிட்டாங்கட்டி. காப்பி போட்டு எடுத்துட்டு வாரதுக்குள்ள நாக்காலிலயே சாஞ்சுட்டாங்க" என்றார். குத்துக்கல்வலசையில் மாவுக்கடை தொடங்கியதிலிருந்து தீபாவளிக்குக்கூட அரைநாள் திறந்து வைப்பவள் நான். அன்று முழுநாளும் சாத்தினேன்.

வக்கீல் சங்கரலிங்கம் அண்ணாச்சியைத் தென்காசிக் கோர்ட்டு வாசலில் தெரியாதவர்கள் இல்லை. அவரைப் பற்றி எழுதச் சொல்லி வக்கீல் நண்பர்கள் என்னிடம் வந்ததுதான் சிலருக்கு வியப்பாக இருக்கும். மாவு விற்கிறவளுக்கு எழுத வருமா என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல்: எம்.ஏ. தமிழ் படித்துவிட்டுத்தான் மாவு ஆட்டுகிறேன். தவிர, நான் அவருடைய கட்சிக்காரி. எனக்கும் என் கணவர் முருகேசனுக்கும் விவாகரத்து வாங்கித் தந்தவர் அவர்தான்.

விவாகரத்து கேட்டு யார் வந்தாலும் அண்ணாச்சி உடனே பேப்பரை எடுக்க மாட்டார். ஆபீஸின் உள்ளறையில் ஒரு பழைய டிவி இருந்தது. அதில் ஒரு அமெரிக்கப் படத்தைப் போடுவார். கறுப்பு வெள்ளை. பிரியப்போகிற ஒரு புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுச் சாமான்களைப் பங்கு போடுகிறார்கள். ஒரு பியானோவில் வந்து முட்டிக்கொள்கிறது. இரண்டு பேருக்குமே வாசிக்கத் தெரியாது. ஆனாலும் மற்றவருக்கு விட்டுக்கொடுக்க மனம் வராது. ஆள் வைத்துத் தூக்கும்போது பியானோ மாடிப்படியில் சிக்கிக்கொள்கிறது. இவன் மேலே, அவள் கீழே, நடுவில் பியானோ. பாதிப் படம் இதுதான்.

எங்களை இரண்டு பக்கமும் உட்காரவைத்து, நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் அவரே தமிழில் சொல்வார். அந்த அமெரிக்காக்காரி அவர் வாயில் எங்கள் ஊர்க்காரி ஆகிவிடுவாள். "ஏலே, அந்தப் பெட்டில கைய வச்சுப் பாரு, கைய ஒடிச்சுருவேன்னு சொல்லுதா. அதுக்கு இவன், ஒங்க அப்பன் வீட்டுச் சீதனமாட்டின்னு கேக்கான்." அவர் சொன்னதில் பாதிதான் படத்தில் இருந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பக்கம் முருகேசனும் சிரித்தார். சிரித்த குற்றத்துக்காக இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

முக்கால் படத்தில் பட்டென்று நிறுத்திவிட்டார். "மிச்சம்?" என்றேன். "மனுப் போட்டப்புறம் கோர்ட்டு ஆறு மாசம் தவணை குடுக்கும்லா? அது முடியட்டும், சொல்லுதேன். அதுவரைக்கும் படத்துல இருக்கவங்களும் யோசிக்கட்டும், நீங்களும் யோசிங்க" என்றார்.

எங்கள் பியானோ ஒரு கிரைண்டர். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. முருகேசன் பட்டாளத்தில் இருந்தார். வருடத்துக்கு ஒருமுறை வருவார். வந்தால் விருந்தாளியோடு இருப்பதுபோல் எனக்கும், யாரோ வீட்டில் தங்கியிருப்பதுபோல் அவருக்கும் இருந்தது. குடி இல்லை, அடி இல்லை. ஊரில் யாரிடம் சொன்னாலும் ஒரு காரணமாகத் தேறாது. பங்கு பிரிக்கும்போது எல்லாவற்றையும் கொடுத்தவர் கிரைண்டரை மட்டும் விடவில்லை. அவருடைய முதல் லீவில் இருவரும் போய் வாங்கியது. நானும் விடவில்லை. இட்லி தின்னாத வடக்கில் வேலை பார்க்கிறவருக்குக் கிரைண்டர் எதற்கு என்று மனுவிலேயே எழுதச் சொன்னேன். அண்ணாச்சி எழுதவில்லை.

அவருக்கும் சறுக்கியதுண்டு. ராயகிரியிலிருந்து ஒரு ஆணும் பெண்ணும் வந்து பேச்சுவார்த்தையில்லாமல் ஆளுக்கொரு மூலையைப் பார்த்து உட்கார்ந்திருக்க, அண்ணாச்சி எதுவும் கேட்காமல் படத்தைப் போட்டுவிட்டார். பியானோ மாடிப்படியில் சிக்குகிறவரை பொறுத்துப் பார்த்த அந்த அம்மா, "அண்ணாச்சி, இவன் எங்கூடப் பொறந்த தம்பி. நாங்க வயல் பாகத்துக்கு வந்தோம்" என்றிருக்கிறார். அண்ணாச்சி பதறி எழுந்தால், "இருக்கட்டும், அந்தப் பெட்டி என்னாச்சுன்னு பாத்துட்டே போயிருதோம்" என்றானாம் தம்பி. இந்தக் கதையை அண்ணாச்சியே என் கடையில் நின்று சொல்லிச் சிரிப்பார். வாங்க வந்தவர்கள் மாவை மறந்து கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

எங்கள் ஆறு மாதம் ஆடியில் முடிந்தது. நல்ல சாரல். கோர்ட்டுக்கு முதல்நாள் காலையில் இருவரையும் ஐந்தருவிக்கு வரச்சொன்னார். மதினியும் வந்திருந்தார். "போய்க் குளிச்சுட்டு வாங்க. ஈரத்தலையோட இருக்கவங்களுக்குச் சண்டை போட வராது" என்றார். நான் பெண்கள் பக்கம் போய்த் தண்ணீர் தலையில் அறைய அறைய நின்றேன். ஆறு மாதமாக அழாததையெல்லாம் அங்கே அழுதேன். அருவியில் அழுதால் யாருக்குத் தெரியும்?

வெளியே வந்ததும் பஜ்ஜிக் கடை ஓரமாக என்னைத் தனியே கூட்டிப்போனார்.

"இப்பம் அவன் மேல கோவம் இருக்கா?"

"இல்ல அண்ணாச்சி."

"கோவம் இல்லாமயும் பிரியணும்னு தோணுதா?"

ஈரக் கூந்தலைப் பிழிந்து முடிந்துகொண்டேன். "தோணுது" என்றேன்.

"அப்பம் சரி. கோவத்துல பிரியுதவங்களுக்குத்தான் நான் பயப்படுவேன்" என்றவர், அங்கேயே படத்தின் முடிவைச் சொன்னார். அவள் தனியாக ஒரு வீடு பார்த்துப் போனாள். பியானோ அவளுக்கே வந்து சேர்ந்தது. அவள் அதை வாசிக்கக் கற்றுக்கொண்டாள். "பெறவு நல்லா வாசிச்சா" என்றார். அதன்பிறகு முருகேசனிடம் போனார். துண்டைத் தோளில் போட்டபடி அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. என்ன சொன்னார் என்பது கேட்கவில்லை.

தீர்ப்பு வந்த மறுவாரம் நான் தங்கியிருந்த வீட்டு வாசலில் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. கிரைண்டரை இறக்கிவைத்தார்கள். தெருமுனையில் முருகேசனின் பைக் திரும்பிப் போவது தெரிந்தது.

அந்தக் கிரைண்டரில்தான் பிழைத்தேன். ஆனால் ஒரு முள் மட்டும் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. அண்ணாச்சி முருகேசனிடம் என்ன முடிவைச் சொல்லியிருப்பார்? அவள் திரும்பி வந்தாள் என்று சொல்லியிருந்தால்? அந்த நம்பிக்கையில் அனுப்பியதை நான் வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டேனா? காத்திருந்த ஒரு மனுஷனை ஏமாற்றிவிட்டேனா? தினமும் மாவு வாங்க வந்த அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பதிலுக்குப் பயந்து கேட்கவில்லை.

அவர் இறந்த அன்று பந்தல் நிறைய கூட்டம். கடையநல்லூரிலிருந்து வந்த ஒரு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பியானோப் படத்துல அவன் கப்பலேறிப் போயி, ஒரு வருசங்கழிச்சுத் திரும்பி வருவாம்லா, அதச் சொல்லித்தான் என்னப் பொறுக்கச் சொன்னாங்க. எங்க வீட்டுக்காரரும் துபாய்லருந்து வந்துட்டாரு" என்றார். பக்கத்தில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஒருவர் நிமிர்ந்தார். "கப்பலா? பியானோவ வித்துட்டு ரெண்டு பேரும் சேந்து ஊர் சுத்தப் போனாங்கன்னுல்லா எங்ககிட்ட சொன்னாங்க!" துக்க வீடென்றும் பாராமல் அந்த வரிசையில் ஒவ்வொருவரும் ஒரு முடிவைச் சொன்னார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. என் கண் கூட்டத்தில் முருகேசனைத் தேடியது.

முருகேசன் வந்திருந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, வேறு குடும்பமாகி நன்றாக இருக்கிறார். முடியெல்லாம் நரைத்துவிட்டது. இத்தனை வருடம் கழித்து நானாகப் போய்க் கேட்டேன். "ஐந்தருவில ஒங்ககிட்ட என்ன முடிவு சொன்னாங்க?"

அவர் யோசிக்கக்கூட இல்லை. "அவ தனியாப் போயிட்டா. அவன் பியானோவ அவ வீட்டுக்கு அனுப்பி வச்சுட்டு, வாசல்ல நிக்காமத் திரும்பிட்டான்னாங்க. நின்னா, குடுத்ததா ஆகாது, கேக்க வந்ததா ஆயிரும்னாங்க. அதான் சரசு, நானும் நிக்கல."

நான் அழுதேன். இந்தமுறை மறைக்க அருவி இல்லை.

காரியம் முடிந்து மதினி அந்தப் படத்தின் சி.டி. தட்டை என் கையில் கொடுத்தார். மேலே பெயர் அழிந்துபோயிருந்தது. "கடைசிய இன்னைக்காவது பாத்துரணும் மதினி" என்றேன். மதினி சிரித்துவிட்டார். "எங்கன பாக்க? வாங்கும்போதே கீறல். முக்காலுக்கு மேல ஓடாதுட்டி. அவங்களே பாத்ததில்ல."

கதையைச் சொன்னால் போனிலேயே தேடித் தருவதாக அக்கா மகள் சொன்னாள். வேண்டாம் என்றுவிட்டேன். தட்டு என் கடையில் கிரைண்டருக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. அண்ணாச்சி எனக்கென்று சொன்ன முடிவை நான் வைத்துக்கொள்கிறேன். அவள் கற்றுக்கொண்டாள். நன்றாக வாசித்தாள்.