கிழக்குக் கரையும் ஒரு கடப்பாரையும்

பாலங்களைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியர் ஆரோக்கியசாமி காலமான செய்தியை அவருடைய ஜீப் டிரைவர்தான் என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடவே சாக்கில் சுற்றிய என் கடப்பாரையையும். "சார் உங்ககிட்ட குடுக்கச் சொல்லியிருந்தாருங்க" என்றார். அவர் பிடுங்கிப் போய் ஆறு வருடம் கழித்து.

உங்களில் பலர் அவரை நல்ல மனிதர் என்பீர்கள். எனக்கு அவரைப் பிடிக்காது. இறந்துவிட்டார் என்பதற்காக மாற்றிச் சொல்லப் போவதில்லை.

மலைமேல் எடப்புளி நாட்டில் எங்கள் ஊருக்கு லாரி வர ஒரே வழி, ஓடைமேல் உள்ள கல் வளைவுப் பாலம். அதன் கிழக்குக் கரை என் காட்டை ஒட்டியது. நாலு மிளகுக் கொடி கூடுதலாக வைக்க அந்தக் கரையை வெட்டிச் சமன் செய்தேன். சரிவில் காடு வைத்திருக்கும் எவனும் செய்வதுதான். பலா பழுக்கும் நேரம் பார்த்து வந்தார் மனிதர். பாலத்தில் லாரி ஏறக்கூடாது என்று அடைத்தார். என் கடப்பாரையையும் பிடுங்கிக்கொண்டார்.

"ஏனுங்க, பாலத்தை நான் தொடவே இல்லீங்களே. மண்ணைத்தானுங்க வெட்டினேன்" என்றேன்.

என்னையும் என் மச்சானையும் எதிரெதிரே நிறுத்தி, உள்ளங்கைகளைச் சேர்த்து ஒருவர்மேல் ஒருவர் சாயச் சொன்னார். என் குதிகாலுக்குப் பின்னால் ஒரு கல்லை வைத்தார். சாய்ந்து நின்றதும் அந்தக் கல்லைக் காலால் தட்டிவிட்டார். ஊரே பார்க்கச் சேற்றில் விழுந்தேன்.

"தூலம் போட்ட பாலம் பாரத்தை நேரா தூணுல இறக்கும். வளைவு பக்கவாட்டுல தள்ளும். அதைத் தாங்குறது கரை. நீ வெட்டினது பாலத்தைத்தான்யா."

ஊர் சிரித்தது. ஏற்றிப்போக லாரி இல்லாமல் பழம் அழுகத் தொடங்கியதும் சிரிப்பு நின்று, என்னோடு பேச்சும் நின்றது. நானே கல் சுமந்து கரையைக் கட்டினேன். அவர் குடை பிடித்துக்கொண்டு குறை சொன்னார்.

கட்டி முடித்தபின் முதல் லாரி ஏறும்போது வளைவுக்கு அடியில் போய் நின்றார். என்னையும் இழுத்தார். "விழுந்தா நம்ம ரெண்டு பேர் மேலதான்." தலைக்கு மேல் லாரி உறுமியது. என் மணிக்கட்டை அவர் இறுகப் பிடித்திருந்தார். லாரி கடந்ததும் கையை உதறிவிட்டு ஜீப்பில் ஏறினார். கடப்பாரையைக் கேட்டேன். "ஒரு மழை போகட்டும்" என்றார். ஒவ்வொரு வருடமும் அதையேதான் சொன்னார்.

சாக்கைப் பிரித்தேன். கடப்பாரையில் துரு இல்லை. எண்ணெய் பூசி வைத்திருக்கிறார். அதன்மேல் வெள்ளைப் பெயிண்டில், 'கிழக்குக் கரை வேண்டாம்.' கடைசிவரை என்னை நம்பவில்லை. கோபம் வந்தது. அழுகையும் வந்தது. அதற்கும் அவர்மேல்தான் கோபம்.

கடப்பாரையை அந்தக் கரையை விட்டுத் தள்ளி, காட்டின் மறுகோடியில் ஊன்றிவிட்டேன். பாலத்தில் லாரி ஏறும் சத்தம் கேட்டால் இன்றும் என் மணிக்கட்டை நானே பிடித்துக்கொள்கிறேன்.