அறுபத்துநாலில் ஏறாத குரல்

வவ்வால் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கணினிகளில் மென்பொருள் ஏற்றிக் கொடுப்பவன், ஐம்பதைத் தொட்டுவிட்டவன். எந்நேரமும் தலை மேசைக்கடியில், கால் வெளியே. ஆனால் பெயர் அதனால் வந்ததல்ல. ஆறு வயதில் ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கியவன், பொழுது சாய்கிறவரை இறங்க மாட்டேனென்று அடம்பிடித்தானாம். சாப்பாடுகூட அப்படியே தொங்கிக்கொண்டுதான். விழுங்கியதெல்லாம் மேல்நோக்கிப் போயிற்றாம். பெயர் வைத்தவள் அக்கா.

எந்தக் கணினியைத் தொடும் முன்பும் அவன் கேட்பது ஒரே கேள்விதான்: "முப்பத்திரண்டா, அறுபத்துநாலா?" கணினியின் மூளை ஒரு வாய்க்கு எத்தனை பிட் அள்ளும் என்கிற கணக்கு அது. ஏற்றுகிற மென்பொருள் அதற்கு ஒத்துப்போக வேண்டும். தையல்கடைக்காரர் ஒருவர் வாயைத் திறந்து காட்டி, "முப்பத்திரண்டு எங்கப்பா இருக்கு? இருபத்தெட்டுதான் மிச்சம்" என்றார்.

அக்காவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். அறுவைக்கு முன்பே அவள் குரலில் இருநூறு சொற்களைப் பதிந்து, பொத்தானை அமுக்கினால் பேசும் பழைய நிரல் ஒன்றோடு குறுந்தகட்டில் போட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்தார்கள். தண்ணீர், பால், வா, போ, வலிக்கிறது, நன்றி ஐயா. பிறந்த நாள்முதல் யாரையும் ஐயா போட்டுப் பேசியறியாதவள் அவள்.

"இதெல்லாம் நான் பேசற பேச்சாடா?" என்று, அறுவைக்கு முன்பே, குரல் இருக்கும்போதே வீட்டில் மைக்கைப் பிடித்தாள். நாற்பத்தொரு வசவுகளைத் தானே பதிந்து சேர்த்தாள். முதல் வசவு, "டேய் வவ்வாலே!"

அறுவைக்குப் பிறகு இரண்டு வருடம் அந்த நாற்பத்தொன்றை வைத்தே தம்பியை ஆட்டிப்படைத்தாள். பிறகு கணினி தளர்ந்துபோனது. அவள் இங்கே அமுக்கினால், அவன் அடுத்த அறைக்குப் போன பிறகுதான் திட்டு வந்து சேரும். ஆசைத் தம்பிக்குப் பொறுக்கவில்லை. கூடுதல் நினைவகம் வாங்கிச் செருகினான். அவ்வளவையும் கையாள முப்பத்திரண்டு பிட்டுக்குத் தெம்பு போதாது. அறுபத்துநாலுக்கு மாற்ற வேண்டும். நிரலின் கோப்புறையை முன்னெச்சரிக்கையாகப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, கணினியின் வட்டைத் துடைத்து, அறுபத்துநாலு பிட் இயங்குதளத்தை ஏற்றினான்.

குறுந்தகட்டைப் போட்டான். "இந்த நிரல் இந்தக் கணினியில் இயங்காது" என்றது திரை.

நிரல் முப்பத்திரண்டுதான். உள்ளே வந்திருந்தால் அறுபத்துநாலிலும் ஓடியிருக்கும். ஆனால் அதைக் கொண்டுவந்து நிறுவுகிற சின்ன நிரல் இருக்கிறதே, அது அதற்கும் முந்தைய காலத்துப் பதினாறு பிட். முப்பத்திரண்டு அந்தக் கிழத்தைச் சகித்துக்கொள்ளும். அறுபத்துநாலு வாசலிலேயே விரட்டிவிடும். ஊரெல்லாம் கேள்வி கேட்டவன் அக்காவின் குறுந்தகட்டைக் கேட்க மறந்திருந்தான்.

"ஒன்னுமில்லக்கா, பழையபடியே மாத்திடறேன்."

மறுபடி துடைத்து, முப்பத்திரண்டை ஏற்றினான். இந்தத் தடவை குறுந்தகடு மறுக்கவில்லை. "தண்ணீர்" என்றது அக்காவின் குரல். அக்கா கை தட்டினாள். வசவுகளைச் சேர்க்கப் பென்டிரைவைத் திறந்தான். ஒன்றுகூட இல்லை. அந்தப் பழைய நிரல், அவள் பதிந்ததையெல்லாம் தன் கோப்புறையில் வைக்காமல் இயங்குதளத்தின் கோப்புறையில் கொண்டுபோய் ஒளித்திருந்தது. அதைத்தான் அவன் ஒருமுறைக்கு இருமுறை துடைத்திருந்தான்.

மூன்று நாள் மீட்புக் கருவிகளோடு மல்லாடினான். கிடைத்ததெல்லாம் கரகரப்பு.

நான்காம் நாள் காலை அக்கா 'சொந்தச் சொற்கள்' பொத்தானை அமுக்கினாள். சத்தமில்லை. இன்னொரு தடவை அமுக்கினாள்.

"ஸ்பீக்கர்ல ஏதோ கோளாறுக்கா."

அதற்கும் அவளிடம் ஒரு வசவு இருந்தது: "பொய் சொல்லாதடா, காது செவக்குது." இப்போது அதுவும் இல்லை. அவன் காதை மட்டும் பார்த்தாள்.

"நான்தான்க்கா அழிச்சிட்டேன். நாப்பத்தொன்னும் போச்சு."

அக்கா ஆஸ்பத்திரி கொடுத்த இருநூறு சொற்களைத் திரையில் திறந்தாள். பிறகு மெல்லப் பொத்தான்களைத் தேடி அமுக்கினாள்.

"வா. வா. பால்."

அடுப்படிக்கு ஓடிப் பாலைச் சூடாக்கிக் கொண்டுவந்தான். டம்ளரை அவள் தள்ளி வைத்தாள்.

"வா. வா. பால்."

"சூடு பத்தலையாக்கா?"

தலையில் அடித்துக்கொண்டாள். மூன்று பொத்தான்களையும் இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் அமுக்கினாள். "வாவாபால்."

அவள் கேட்டது பாலல்ல, கூப்பிட்டது தன் பெயரை என்று அவனுக்குப் புரிந்தது. ஏதோ ஒயர் கழன்றிருக்கிறது என்று முனகியபடி தலையை மேசைக்கடியில் விட்டுக்கொண்டான். ஒயரெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் கால் இரண்டும்தான் வெளியே தெரிந்தன, தலை வெளியே வரவில்லை. அக்கா மேலே அமுக்கிக்கொண்டே இருந்தாள். வாவாபால், வாவாபால். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்தபடி பதிந்த, நர்ஸம்மாவிடம் பால் கேட்கிற அந்தப் பணிவான குரலில் திட்டு துளிகூட இல்லை.