காப்புக் கட்டிய ஊரில் ஒரு முகாம்

கோகுல்நாத் சார் வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை ஸ்கூட்டரில் போய்விட்டுத் திரும்பி வந்து நான்காம் முறையும் இழுப்பார். பழங்காநத்தத்தில் அவர் தெருவுக்கே இது பழகிப்போன காட்சி. பூட்டு பத்திரமாகத்தான் இருக்கிறது, கதவுதான் ஒருநாள் கையோடு வரப்போகிறது என்று அவர் மனைவி நாகமணி சௌராஷ்டிரத்தில் சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்குள் அவர்கள் பேச்சு அதுதான்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். சார் ஆழம் தெரிந்த பிறகும் விடமாட்டார். அப்படிப்பட்ட மனிதர், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை ஒரு ராத்திரி வெட்டவெளியில் தங்கவைக்க ஆசைப்பட்டார் என்றால் யார் நம்புவார்கள்? ஆசைக்குக் காரணம் இருந்தது. அவர் சமூக அறிவியல் ஆசிரியர். பிள்ளைகள் சமணர் படுக்கையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்குகிறார்கள்; ஒரு பிள்ளைகூடக் கல்லில் முதுகை வைத்துப் பார்த்ததில்லை. ஒரு பகலும் ஓர் இரவும் அந்தக் காலத்து மனிதர்களைப் போல அவர்கள் இருந்து பார்க்க வேண்டும். கம்பு குத்த வேண்டும், மண்பானையில் பொங்க வேண்டும், விளக்கு இல்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு தூங்க வேண்டும்.

பள்ளித் தாளாளர் ராமதாஸ் வருடா வருடம் மாட்டேன் என்றார். இந்த வருடம் என்ன நினைத்தாரோ, சரி என்றுவிட்டார். "ஆனா ஒண்ணு. ராத்திரியோட ராத்திரியா பஸ்ஸக் கூப்பிட்டுப் பிள்ளைகளக் கொண்டாந்து இறக்குனீங்கன்னா, அதோட இந்தப் பேச்ச விட்டுரணும். சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு அம்புட்டுப் பிள்ளைகளும் ஸ்கூல் வாசல்ல நிக்கணும்."

அன்றிலிருந்து சாருக்குத் தூக்கம் போயிற்று. உசிலம்பட்டி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சிற்றூரில், அழகுபாண்டி என்ற விவசாயியின் தென்னந்தோப்பைப் பேசி முடித்திருந்தார். பக்கத்திலேயே கல்படுக்கை உள்ள குன்று. அழகுபாண்டியைத் தினமும் போனில் பிடித்துக் கேள்வியால் குடைந்தார். பாம்பு உண்டா? கிணற்றுக்குச் சுவர் உண்டா? மட்டை எப்போது விழும்? நாய் கடிக்குமா? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? "சார், பொண்ணு குடுக்குறவுககூட இம்புட்டு விசாரிக்க மாட்டாக" என்று அழகுபாண்டி ஒருநாள் சொல்லியே விட்டார்.

மாசிக் கடைசி வெள்ளிக்கிழமை காலையில் பள்ளிப் பேருந்து பிள்ளைகளை இறக்கிவிட்டுப் போனது. துணைக்கு விளையாட்டு ஆசிரியை முத்துமீனா, இரண்டு ஆயாக்கள், வாட்ச்மேன் சுருளி. பகல் முழுக்கக் குறையொன்றும் இல்லை. பிள்ளைகள் குன்றேறிக் கல்படுக்கையில் வரிசையாகப் படுத்தார்கள். ரம்யாஸ்ரீ என்ற சின்னப்பெண் அந்தக் கல்லிலேயே நிஜமாகத் தூங்கிப்போனாள். படுத்த இடமெல்லாம் தூங்குகிற ரகம் அவள். மிளகாயும் தக்காளியும் பிற்காலத்தில் கப்பலில் வந்தவை என்று சார் அவற்றைத் தோப்புக்குள்ளேயே விடவில்லை. கம்பஞ்சோறும் மிளகு போட்ட பருப்பும் கொதித்தன. மதுரைப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டே குத்தினார்கள், புடைத்தார்கள்.

பொழுது சாய்கிற நேரத்தில் ஊருக்குள் கொட்டுச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தோளில் துண்டும் கையில் வேப்பிலையுமாக ஒரு பெரியவர் தோப்புக்குள் வந்தார். அம்மன் கோயில் பூசாரி முத்திருளன்.

"வாத்தியாரே, பிள்ளைக ராத்தங்கப் போகுதாமே?"

"ஆமா. காலையில போயிருவோம்."

"அது முடியாது. அம்மனுக்குக் காப்புக் கட்டியாச்சு. காப்புக் கட்டுன ராத்திரி எல்லைக்குள்ள தூங்குனவுக, பொங்கல் முடியிற வரைக்கும் வேற ஊர்ல ராத்தங்கப்படாது. பகல்ல எங்க வேணாலும் போயிட்டு வரலாம். படுக்குறதுக்கு இங்கதான் வரணும். எட்டு நாளைக்கு."

சாருக்குப் பேயறைந்தது போல ஆகிவிட்டது. பாம்பைக் கேட்டார், நாயைக் கேட்டார், உங்கள் ஊரில் திருவிழா எப்போது என்று மட்டும் கேட்கவில்லை. சித்திரைத் திருவிழாவை அவர் காலண்டரில் பார்த்து வைத்திருந்தார். ஊர்க்கூட்டம் போட்டு நாள் குறிக்கிற பொங்கல் எந்தக் காலண்டரில் இருக்கும்?

அழகுபாண்டி தலையைச் சொறிந்தார். "முந்தாநாள்தான் சார் கூட்டம் போட்டு முடிவு பண்ணாக. வெளியூர்ப் பிள்ளைகதானே, அதுகளுக்கு என்ன வந்துச்சுன்னு இருந்துட்டேன்."

"வெளியூர்க்காரங்களும் சாமிக்குப் பிள்ளைகதானப்பா" என்றார் பூசாரி.

இதற்குள் விஷயம் பிள்ளைகளுக்கு எட்டிவிட்டது. எட்டு ராத்திரி என்றதும் ஒரே கூத்து. வித்யாஸ்ரீ என்ற வகுப்புத் தலைவி, பகலில் பள்ளிக்குப் போவது கட்டாயமா என்று பூசாரியிடமே போய்க் கேட்டாள்.

சாருக்கு அழுகை வராத குறை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். தங்கிவிட்டுக் காலையில் கிளம்பினால் ஊருக்கு ஆகாது. நாளைக்கு மழை பொய்த்தாலும் மாடு நோயில் விழுந்தாலும் இடம் கொடுத்த அழகுபாண்டியின் தலையில்தான் விடியும். பேருந்தைக் கூப்பிட்டால் ராமதாஸ் சொன்னது நடந்துவிடும்; அப்புறம் ஓய்வு பெறும் வரை வாயைத் திறக்க முடியாது. போனைக் கையில் எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

"சார், நீங்க கேள்வி கேக்குற ஆளாச்சே. இவர்கிட்ட ஒண்ணும் கேக்கலையா?" என்றார் முத்துமீனா. ஆனையூர்க்காரர், எதற்கும் பதறாதவர்.

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் சாருக்கு அது உறைத்தது. பூசாரி பக்கம் திரும்பினார்.

"எல்லைக்குள்ள சாப்பிடலாமா?"

"சாப்பிடலாம். தாளிக்கத்தான் கூடாது, வறுக்கக் கூடாது, இனிமே குத்தக் கூடாது."

"எல்லாம் குத்தி முடிச்சாச்சு. தாளிக்கவும் இல்ல. விளையாடலாமா?"

"ஆடட்டுமே."

"அப்ப தூங்கத்தான் கூடாது. உங்க ஊர் எல்லை எதுவரைக்கும்?"

முத்திருளன் வேப்பிலையை நீட்டிக் காட்டினார். தோப்பின் ஓரத்தில் தண்ணீரில்லாத ஒரு வாய்க்கால். "இதுவரைக்கும். அங்கிட்டு அடுத்த ஊரு."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் அறுவடை முடிந்த வயல் பாய் விரித்தது போலக் கிடந்தது. சாரின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. அழகுபாண்டியின் முகம்தான் சுருங்கியது. "அது என் மச்சினன் சோணை வயலு. ஒரு கல்யாணத்துல மாலை போடுறதுல வந்த சடவு, பேச்சுவார்த்தை இல்ல. நான் போயிக் கேக்க மாட்டேன் சார்."

சாரே போனார். வாய்க்காலைத் தாண்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த சோணையிடம் மூச்சு விடாமல் முழுக்கதையையும் சொன்னார். சோணை நிதானமாகக் கேட்டார். "வயல்ல படுக்க எதுக்கு சார் உத்தரவு? எம்புட்டுப் பேரு வேணாலும் படுங்க. அறுத்த தாள் குத்தும், வைக்கோல் தாரேன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவன் கேக்கச் சொன்னானா?" என்றார்.

"அவர் தோப்புலதான் நிக்கிறார்" என்றார் சார். பொய்யில்லை.

கொஞ்ச நேரத்தில் சோணை வைக்கோல் கட்டோடு வாய்க்கால் கரைக்கு வந்தார். இந்தப் பக்கம் நின்ற அழகுபாண்டி வாய்க்காலைத் தாண்டிப் போய்க் கையை நீட்டினார். கட்டு கை மாறியது, அப்புறம் அடுத்த கட்டும் மாறியது.

சாப்பாட்டு நேரம்தான் சோதனை. பகலெல்லாம் ஓடியாடிய பிள்ளைகள், கம்பஞ்சோறு வயிற்றில் இறங்கியதும் ஒவ்வொருவராகச் சாய ஆரம்பித்தார்கள். ரம்யாஸ்ரீ தட்டில் கை வைத்தபடியே ஆடினாள். பூசாரியே பதறிப்போய் அவள் முகத்தில் தண்ணீர் தெளித்தார். "தூங்கிறாத தாயி, அங்கிட்டுப் போயித் தூங்கு." ஆயாக்கள் ஆளுக்கொரு பக்கம் உலுக்கினார்கள். சுருளி பிள்ளைகளைக் கைதட்டிப் பாடவைத்தார். எல்லையைச் சுற்றிக் கொட்டோடு வந்த ஊர்க்காரர்கள், பாயும் போர்வையுமாக ஒரு பள்ளிக்கூடமே வாய்க்காலைத் தாண்டுவதைப் பார்த்து வழிவிட்டு நின்றார்கள். யாரோ குலவை போட்டார்கள். பிள்ளைகளும் திருப்பிப் போட்டார்கள்.

சார் கரையில் நின்று எண்ணினார். மறுபடி எண்ணினார். நாற்பது. வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. முத்துமீனா எல்லோரையும் படுக்கவைத்ததும், மறந்துவிட்ட மருந்துப் பெட்டியை எடுத்துவரச் சார் மட்டும் தோப்புக்குத் திரும்பினார்.

"உக்காருங்க சார். ஒரு வாய் கருப்பட்டிக் காப்பி குடிச்சிட்டுப் போவீக" என்றார் அழகுபாண்டி. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தார் சார். தென்னங்கீற்று சலசலத்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் முத்துமீனாவின் குரல் அடங்கிக்கொண்டே வந்தது. அப்பாடா என்று காலை நீட்டினார்.

கண்ணைத் திறந்தபோது முகத்தில் வெயில் அடித்தது. எதிரே முத்திருளன் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ஆறிப்போன காப்பி. தேகமெல்லாம் பஞ்சு போல லேசாக இருந்தது. அப்புறம்தான் எங்கே படுத்திருக்கிறோம் என்பது உறைத்தது.

"எழுப்பக் கூடாதா?" என்று அழகுபாண்டியைக் கேட்டார்.

"ரெண்டு தடவை உலுக்குனேன். 'பூட்டு சரியாத்தான் இருக்கு'ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டீக. மிஸ்கிட்டப் போயிச் சொன்னேன். அவர் தூங்கி ரொம்ப நாளாச்சு, விடுங்க, நாங்க பாத்துக்கிறோம்னாக."

பூசாரி சிரித்தார். "வாத்தியாரே, ஒங்களை ஆரும் கட்டிப்போடப் போறதில்ல. தெரியாமத் தூங்கிட்டீக. அம்மன்கிட்ட நான் சொல்லிக்கிறேன், போறதுன்னாப் போங்க."

சார் யோசித்தார். இந்த ஊர் தன் பிள்ளைகளுக்காக வழிவிட்டு நின்று குலவை போட்டிருக்கிறது; அதன் வழக்கத்தைத் தான் மட்டும் மீறுவதா? "இல்ல. சாயங்காலம் வாரேன்" என்றார்.

பத்து மணிக்கு நாற்பது பிள்ளைகளும் பள்ளி வாசலில் நின்றார்கள். ஒரு சிராய்ப்பு இல்லை, ஓர் அழுகை இல்லை. ரம்யாஸ்ரீ மட்டும் பேருந்திலிருந்து தூக்கத்திலேயே இறக்கப்பட்டாள். ராமதாஸ் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துவிட்டு, கடைசியாக இறங்கிய சாரிடம் என்ன நடந்தது என்று கேட்டார். முழுக்கக் கேட்டு முடித்ததும் வெகுநேரம் சிரித்தார். "அடுத்த வருஷம் தேதி வைக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பூசாரியக் கேட்டுக்கங்க" என்றார். அடுத்த வருடம் என்ற சொல்லைச் சார் அன்று முழுக்க மனத்துக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்த வாரம் முழுவதும் பகலில் மதுரையும் ராத்திரியில் தென்னந்தோப்புமாகக் கழிந்தது. மாலையில் உசிலம்பட்டி பஸ் ஏறுவார், கயிற்றுக் கட்டிலில் படுத்தால் காலையில்தான் எழுவார். பொங்கலன்று நாகமணியும் வந்து பானை வைத்தார். அழகுபாண்டி வீட்டுப் பந்தியில் சோணையும் உட்கார்ந்திருந்தார்.

ஊர் திரும்பிய மறுநாள் கோகுல்நாத் சார் வீட்டைப் பூட்டினார். நாகமணி வழக்கம்போலத் தெருவில் காத்து நின்றார். எதிர்வீட்டுக்காரரும் செய்தித்தாளைத் தாழ்த்திவிட்டுப் பார்த்தார். சார் பூட்டை ஒரு தடவை இழுத்தார், சாவியைச் சட்டைப்பையில் போட்டார், ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். தெருமுனையிலிருந்து அவர் திரும்பி வரவில்லை. நாகமணிதான் மனசு கேளாமல் படியேறி, பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.