பாய்லர்காரரும் பலூன்காரனும்

பத்து நாள் விடுமுறையில் ஆறிக் கிடந்த பாய்லரை மெல்லத்தான் சூடேற்ற வேண்டும். அவசரப்பட்டால் குழாய் வெடிக்கும். சலவை ஆலையில் இருபது வருடமாக அந்த வேலையைப் பார்ப்பவர் பாய்லர்காரர். விடுமுறை முடிந்த அன்று காலை அவர் பாய்லரை மூட்டியிருந்த நேரத்தில், கூடத்தில், ஊழியர்களிடையே ஒற்றுமை வளர்க்க மேலாளர் வரவழைத்த பயிற்சியாளன் ஊழியர்களைப் பலூன் ஊத வைத்துக்கொண்டிருந்தான். அவரையும் இழுத்து வந்தார்கள்.

"அண்ணே, கண்ண மூடிட்டுப் பின்னால சாயுங்க. நாங்க புடிச்சுக்கிறோம். நம்பிக்கை வரணும்ல?" என்றான் பயிற்சியாளன்.

"நான் இங்க கண்ண மூடுனா அங்க பிரஷர் ஏறும், தம்பி. அப்புறம் உங்கள யாரு புடிக்கிறது?"

"இவருக்கு ஒத்துப்போற குணமே கிடையாது" என்று மேலாளர் முகம் சுளித்தார்.

பாய்லர்காரர் திரும்பிப் போய் பிரஷர் முள்ளின் முன் உட்கார்ந்தார். மதியம் நீராவி அளவாக வந்தது, இயந்திரங்கள் ஓடின.

"பாத்தீங்களா, எல்லாம் விளையாட்டோட பலன்!" என்று மேலாளர் பலூன்காரனின் கையைக் குலுக்கினார்.