எழவு வண்டி டிரைவர் நல்லவரான வாரம்

கல்யாண வண்டியில ஆளுக தூங்கிட்டு வருவாங்க, எழவு வண்டியிலதானுங்க வாய் ஓயாது. சிங்காநல்லூர் மோட்டார் கம்பெனி பஸ்ல கண்டக்டரா நின்னவன் சொல்றேன். இதே வேலை பார்த்தவங்களுக்கு விளக்கமே வேண்டாம்.

போறப்ப, வாரப்ப

அந்தியூர்ப் பக்கம் ஒரு பெரியவர் போயிட்டாருன்னு சொந்தக்காரங்க வண்டி பேசி ஏறுனாங்க. போறப்ப அவரு தர்மராசா, எறும்புக்குக்கூட ஒதுங்கி வழி உடுவாராம். திரும்பி வாரப்ப பவானி தாண்டலீங்க, பக்கத்துத் தோட்டத்து வரப்பை வருசம் ஒரு சாண் நகர்த்துன ஆளாயிட்டாரு.

"காலையில நல்லவர்னீங்களே?"ன்னேன்.

ஈரத் துண்டை உதறிட்டிருந்தவரு நிதானமாச் சொன்னாரு: "அப்ப இன்னும் எடுக்கலீங்களே, தம்பி."

டிரைவருக்கு வந்த பயம்

எங்க டிரைவர் மாரப்பண்ணன் வாய்க்குப் பயந்து நடந்தே டவுனுக்குப் போனவங்க உண்டு. கை காட்டுனா நிறுத்தமாட்டாரு. நிறுத்துனா திட்டாம ஏத்தமாட்டாரு. இந்தப் பேச்சையெல்லாம் முதுகைக் காட்டிட்டே வருசக்கணக்காக் கேட்டவரு.

ஒருக்கா ஒரு செக்குக்காரரு எழவுக்குப் போயிட்டு வந்தோம். அவரைப் பத்தி வண்டி பூராத் தேடியும் ஒரே ஒரு நல்லதுதான் கிடைச்சுது: கடைசி வரைக்கும் பல்லு உழுகுலியாம்.  வழியில வண்டிக்குத் தண்ணி ஊத்தறப்ப மாரப்பண்ணன் எங்கிட்ட வந்து, "நாளைக்கு நான் போனா என்னப்பா பேசுவாங்க? எனக்குப் பல்லும் இல்லியே"ன்னாரு.

நல்ல பேர்

அடுத்த நாள் வழக்கமான டவுன் டிரிப்புலயே தொடங்கிட்டாரு. "வாங்க அம்மணி, பார்த்து ஏறுங்க." காக்கா ஓட்டக் கையத் தூக்குனவனுக்கும் வண்டி நின்னுச்சு. சனம் பேச்சு மூச்சில்லாம உக்காந்திருந்துச்சு.

தெனமும் அவருகூடச் சண்டை கட்டற மோர்க்கார ராமாத்தாளோட கூடையை அவரே எறங்கித் தூக்கி வெச்சாரு. அந்தம்மா எங்கிட்ட வந்து காதோரமாக் கேட்டாங்க: "ஏங்கண்ணு, வைத்தியரு கெடு சொல்லிப்போட்டாருங்களா?"

விசாரிக்க வந்தவங்க

சேதி பரவி, அந்த வாரம் பூரா ஆளு வந்துச்சு: ஒருத்தர் இளநி கொண்டாந்தாரு, ஒருத்தர் திருநீறு. மாரப்பண்ணன் அதுக்கும் சிரிச்சாரு. கடைசியா ஒரு மஞ்ச யாவாரி சன்னலோரம் நின்னு, "தேதி கீது சொன்னாங்களா? அடுத்த வாரம் நான் ஈரோட்டுச் சந்தைக்குப் போகோணுமுங்க, எழவுக்கு வர முடியாமப் போயிரும், அதான்"னாரு.

மாரப்பண்ணன் வாயத் தொறந்தாரு பாருங்க. யாவாரியோட மூணு தலைமுறையும் வந்துபோச்சு. வண்டி பூரா முகம் தெளிஞ்சு, வெத்தலைப் பை தொறந்து, பேச்சு கிளம்பிருச்சு. ராமாத்தா கூடையை மடியில வெச்சுட்டுச் சாஞ்சு உக்காந்தாங்க: "இப்பத்தானுங்க எனக்கு உசுரு வந்துச்சு."

வயசான காலத்துல ஒருத்தரு நல்லவரா மாறோணும்னா, நாலு பேருகிட்ட முன்கூட்டியே சொல்லிப்போட்டு மாறறது நல்லதுங்க.