வண்டியா, கையா

1991 நவம்பர் 11, திங்கட்கிழமை, காலை மணி ஒன்பது இருபது. ஆளை நனைக்காமல் கார் கண்ணாடியை மட்டும் மறைக்கிற தூறல். மகளைச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலேற்றிவிட்டு நானும் மனைவியும் ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஒரகடத்தை ஒட்டிய ஏரிக்கரை வளைவில் இடது பக்கம் திருப்பினேன். ஸ்டீயரிங் பாதி வந்தது, அதற்கு மேல் வர மறுத்தது. வண்டி வளையாமல் நேராக எதிர்ப்பக்கம் போயிற்று. எதிரே வந்த கம்பெனி பஸ் இரண்டு முழ இடைவெளியில் நின்றது.

"யோவ் பெருசு! ரோடு இன்னா உன் மாமனார் வூட்டு சீதனமா?" என்று பஸ் டிரைவர் கத்தினான். உள்ளே ஷிப்டுக்குப் போகிறவர்கள் சிரித்தார்கள்.

"எங்கப்பா கொடுத்தது ரெண்டு குடமும் ஒரு பீரோவும்தான்" என்றாள் மனைவி, எனக்கு மட்டும் கேட்கும்படி. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்து வண்டியை ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன். திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி நேருக்கு வரவுமில்லை. அதையும் நான்தான் இழுக்க வேண்டியிருந்தது. வீடு வந்து சேரும்போது இடது தோள் கடுத்தது.

அப்போது எனக்கு அறுபத்தேழு வயது, காருக்கு இருபத்துமூன்று. ஒரு வருடமாகவே ஸ்டீயரிங் கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்துக்கொண்டு வந்தது. வயதாகிறது என்று விட்டுவிட்டேன், யாருக்கு வயதாகிறது என்று யோசிக்காமல். அன்று யோசித்தேன். என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தபோது முதலில் தளர்ந்தது இடது கைதான். காபி டம்ளர் நழுவி விழுந்தது. டம்ளரில் எண்ணெய்ப் பிசுக்கு என்று அண்ணியைத் திட்டினார். மறுநாளும் நழுவியது, மறுபடியும் திட்டினார். மூன்றாம் நாள் கட்டிலிலிருந்து எழவில்லை. டம்ளரைக் குற்றம் சொன்னவரின் தம்பி நான். காரைக் குற்றம் சொல்ல எனக்குத் துணிவில்லை.

வேறு யாரையாவது உட்காரவைத்து வண்டியை ஓட்டிப் பார்க்கச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்குத்தான் பயந்தேன். அவன் சுலபமாகத் திருப்பிவிட்டால்? ஆகவே டயரில் காற்று குறைந்திருக்கிறதா என்று பார்த்தேன். முன்சக்கரம் இரண்டிலும் காற்று சரியாகவே இருந்தது. பிறகு கிணற்றில் இடது கையை முன்வைத்துத் தண்ணீர் இறைத்தேன். பன்னிரண்டு வாளிவரை எண்ணினேன்.

"தொட்டி வழிஞ்சு முருங்கை மரம்வரைக்கும் போகுது. என்னதான் பண்றீங்க?" என்றாள் மனைவி.

சொன்னேன். கேட்டதும் அவள் போய்க் காரில் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். அதுவரை அவள் அந்த இடத்தில் உட்கார்ந்ததில்லை. இரண்டு கையாலும் முக்கிப் பார்த்தாள்.

"எனக்கும் வரலை. அப்ப எனக்கும் வாதமா?"

"நிக்கிற வண்டியில் யாருக்கும் கனமாத்தான் இருக்கும். அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"அப்போ சொல்ல முடிஞ்சவன்கிட்ட போகலாம், கிளம்புங்க. நானும் வரேன்."

மண்ணூர் போகிற வழியில் இருந்த ஷெட்டில்தான் நாங்கள் வழக்கமாக வண்டியை விடுவோம். அதன் மெக்கானிக் நாற்பது வயதுக்காரர், நல்ல கட்டு. வாயில் வெற்றிலையோடு ஏறி உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் திருப்பினார். திருப்பிவிட்டார்!

"கொஞ்சம் டைட்டாத்தான் கீது சார். ஸ்டீயரிங் பாக்ஸ் பூடுச்சு. புச்சு மாத்திக்கினா ஆயிரத்து எண்ணூறு ஆவும்."

ஆயிரத்து எண்ணூறு ரூபாய் செலவு என்று கேட்டு மனம் குளிர்ந்தவன் அந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆனால் அந்தக் குளிர்ச்சி நிற்கவில்லை. கொஞ்சம் என்றாரே? கிழவன் மனம் நோகக் கூடாதென்று சொன்னாரா, பாக்ஸை விற்பதற்காகச் சொன்னாரா?

"பாக்ஸ்தான்னு எப்படிச் சொல்றீங்க? முன்பக்கத்தைத் தூக்கிப் பாருங்க. சக்கரம் தரையிலே படாம இருக்கறப்பவும் கனமா இருக்கான்னு தெரியணும்" என்றேன்.

"சார் விட மாட்டாரு" என்று மனைவியைப் பார்த்துச் சிரித்தபடி ஜாக்கி வைத்தார். இரண்டு முன்சக்கரங்களும் அந்தரத்தில் நின்றன. நான் திருப்பினேன், கனம். அவர் திருப்பினார். இந்த முறை வெற்றிலையைத் துப்பிவிட்டு இரண்டாவது கையையும் போட்டார்.

"இன்னா சார் இது, காத்துல கீற சக்கரம் இப்டி முரண்டு புடிக்குது!"

அந்தரத்தில் இருக்கும் சக்கரத்தைத் திருப்ப அவருக்கே இரண்டு கை வேண்டியிருந்தது. தூறல் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அப்புறம் சக்கரங்களுக்கும் பாக்ஸுக்கும் இடையே இருக்கிற கம்பிகளைக் கழற்றினார். பாக்ஸ் ஒரு விரலுக்குச் சுழன்றது. அதன்மேல் பழியில்லை. சக்கரங்களைத் தனித்தனியே கையால் தள்ளினார். இரண்டுமே அசைய மறுத்தன. சக்கரம் எதைப் பற்றிக்கொண்டு இடவலம் திரும்புகிறதோ அந்த கிங்பின் இறுகிப்போயிருந்தது.

"இந்த ஒரு வருஷத்துல மூணு தடவை இங்கேதானே கிரீஸ் அடிச்சீங்க? சீட்டு இருக்கு" என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். கிரீஸ் ஏற்றும் நிப்பிள்களைச் சுற்றி அடித்த கிரீஸ் அப்படியே அப்பிக்கிடந்தது. துணியால் துடைத்தார். கீழே பளபளவென்று கறுப்புப் பெயிண்ட். அதன்மேல் சந்தனமும் குங்குமமும்.

"அடக் கடவுளே. ஆயுத பூஜைக்கு சர்வீசுக்கு வந்த வண்டிக்கெல்லாம் எங்க பசங்க அடிச்ச பெயிண்ட் சார். போன வருசமும் அடிச்சானுங்க, இந்த வருசமும் அடிச்சானுங்க. வாயி அடைஞ்சுபோச்சு. ஒரு வருசமா ஒரு சொட்டு உள்ள போவல."

"பொட்டு நல்லா வச்சிருக்காங்க" என்றாள் மனைவி.

நிப்பிள்களை மாற்றினார். மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, துருவும் பழைய கிரீஸும் வெளியே வந்து புதியது எட்டிப்பார்க்கும்வரை அடித்தார். பிழை தங்களுடையது என்று கூலி வாங்க மறுத்தார். நிப்பிளுக்கும் கிரீஸுக்கும் மட்டும் நாற்பத்தாறு ரூபாய். திரும்புகையில் ஸ்டீயரிங் வளைவுகளில் தானாகவே நேருக்கு வந்தது.

எனக்குப் போதும் என்று தோன்றியது. மனைவிக்குத் தோன்றவில்லை.

"வண்டிக்குப் பார்த்தாச்சு. உங்களுக்கு?"

"கைமேல தப்பில்லைன்னுதான் தெரிஞ்சுபோச்சே?"

"வண்டிமேல தப்பு இருக்குன்னு தெரிஞ்சுது. அவ்வளவுதான். வண்டியை டாக்டர்கிட்ட விடுங்க."

அவள் சொன்னதில் ஓட்டை எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைத்தெரு டாக்டர் தன் விரல்களை என் கைகளில் கொடுத்து அழுத்தச் சொன்னார். வலது கையில் அழுத்தினேன். இடது கையில் உயிரைக் கொடுத்து அழுத்தினேன்.

"போதும் சார், விடுங்க! நான் ஊசி போடணும்" என்று விரல்களை உதறிக்கொண்டார். ரத்த அழுத்தம் மட்டும் கொஞ்சம் கூட என்று மாத்திரை எழுதினார்.

ஷெட்டுக்கு நாற்பத்தாறு, டாக்டருக்குப் பதினைந்து, மாத்திரைக்கு ஒன்பதரை. ஆக எழுபது ரூபாய் ஐம்பது காசு.